மம்மி, கருவாடு, சூனியக்காரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறேன். எகிப்து பாடம் எடுக்கும்போது பிரமிடின் உயரத்தை ஒருவரும் கேட்பதில்லை. "சார், மூளைய மூக்கு வழியாவா இழுப்பாங்க?" என்றுதான் முதல் கை தூக்கும். மணி அடித்த பிறகும் விடமாட்டார்கள். ஆசிரியர் அறையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட இதே கேள்விகள்தான் வருகின்றன. வருடா வருடம் சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம், குறிப்பாகக் கருவாட்டுக் குழம்பு.

செத்த உடல் எல்லாம் அழுகுகிறதே, சிலது மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

கருவாடு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. என் பாட்டி சீலாவைக் கீறி, முதலில் குடலையும் செவுளையும் பிடுங்கி எறிவாள். அப்புறம் கீறலுக்குள் விரலை விட்டுக் கல்லுப்பைத் திணிப்பாள். "குடல் இருந்தா ராத்திரிக்குள்ள வயிறு வெடிச்சிரும்" என்பாள். அழுகலைத் தொடங்கி வைப்பவை வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகள்தான் என்று பாட்டிக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

உயிர் போனதும் உடலின் செல்கள் தம் சாறுகளாலேயே கரையத் தொடங்கும். குடல் கிருமிகள் வேலியைத் தாண்டி வெளியே வரும். இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும், கதகதப்பும் வேண்டும். தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கருவாடு, குளிரில் போட்டால் ஐஸ் பெட்டி, புளிப்பில் முக்கினால் ஊறுகாய். மனித உடலுக்கும் வழி இதேதான். எகிப்து கருவாட்டு வழி. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, ஓட்சி என்று பெயர் வைத்த பழங்கால மனிதன் ஐஸ் பெட்டி வழி. டென்மார்க் சதுப்பில் கிடைத்தவர்கள் ஊறுகாய் வழி. உவமை கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

சரி, மூளையை மூக்கு வழியாகவா எடுத்தார்கள்?

ஆமாம். வெண்கலக் கொக்கியை மூக்குக்குள் விட்டு, மெல்லிய எலும்பை உடைத்து, கலக்கி வடித்துவிடுவார்கள். மூளை எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது, குப்பைக்குத்தான் போகும். சிந்தனையும் மனசாட்சியும் இதயத்தில் இருப்பதாக நம்பியதால் அதை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்குக்கும் தனித்தனி ஜாடி.

அடுத்து நேட்ரான். வண்ணார் வெள்ளாவிக்குப் போடும் உவர்மண் நம் ஊரில் உண்டல்லவா, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். சோடா உப்பும் சமையல் உப்பும் கலந்து, எகிப்தில் ஏரிக்கரையில் தானாகப் பூக்கும். அதற்குள் சுமார் 40 நாள் உடலைப் புதைத்து வைத்து ஈரத்தை உறிஞ்சுவார்கள். எண்ணெய், பிசின், துணிச்சுற்று எல்லாம் சேர்த்து மொத்தம் 70 நாள் வேலை. ஏழைக்கு இவ்வளவு செலவு கட்டாது. அவனைச் சூடான மணலில் புதைத்தார்கள், மணலே இலவசமாக உலர்த்திவிட்டது. எகிப்தின் கெபலீன் என்ற இடத்தில் கிடைத்து, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் உடல்கள் அப்படிக் காய்ந்தவைதான். 5000 வருடத்துக்கு மேல் ஆகியும் கையில் குத்திய பச்சை தெரிகிறது.

எகிப்துக்காரர்கள்தான் முதலா?

இல்லை. அவர்களுக்கு ஏறக்குறைய 2000 வருடம் முன்பே, இன்றைய சிலே நாட்டின் வட கோடியில், அரிக்கா கடற்கரையில் சிஞ்சோரோ என்ற மக்கள் இதைச் செய்தார்கள். மன்னரும் இல்லை, பிரமிடும் இல்லை. எல்லாரும் மீனவர்கள். மீன்பிடிக் கரையில் பிறந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

செய்முறை எகிப்தைவிட விசித்திரம். தோலை உரித்து, சதையை எடுத்து, எலும்புகளுக்குக் குச்சி வைத்துக் கட்டி, களிமண் பூசி மறுபடி ஆள் உருவம் பிடிப்பார்கள். தோலைத் திரும்பப் போர்த்தி மேலே கறுப்பு மாங்கனீசு வண்ணம் அடிப்பார்கள். நம் ஊரில் சாமி சிலைக்கு வைக்கோல் கட்டி மண் அப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். மிகப் பழையவற்றில் பல குழந்தைகளுடையவை. அந்தப் பகுதி ஆற்றுநீரில் ஆர்சனிக் மிக அதிகம். கருச்சிதைவும் சிசு மரணமும் ஓயாமல் நடந்ததால், இழந்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொள்ளத் தாய்மார்கள் தொடங்கிய வழக்கமாக இது இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிரூபிக்க முடியாத கருத்துதான். ஆனாலும் அதைப் படித்த அன்று வகுப்பில் மேற்கொண்டு பேச எனக்கு வரவில்லை.

2021ல் இந்தச் சிஞ்சோரோ வழக்கம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்னொரு பக்கம், காற்றில் ஈரம் கூடியதால் 7000 வருடம் தாங்கிய அந்தத் தோல் இப்போது கறுத்துக் குழைய ஆரம்பித்திருக்கிறது.

மம்மியைச் சுற்றிய துணி இந்தியப் பருத்தியாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

வந்திருக்கும். சுற்றியது லினன், அதாவது ஆளிச்செடி நாரில் நெய்த துணி, எகிப்திலேயே விளைந்தது. ஆனால் நம் பக்கத்துச் சரக்கு வேறு ஒன்று அங்கே போயிருக்கிறது. கி.மு. 1213ல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. மிளகுக் கொடியின் தாய்வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை கை மாறிப் போனதோ!

அதே ராம்சேஸுக்குப் பாஸ்போர்ட் எடுத்ததாகச் சுற்றும் படமும் பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் செய்தது. 1976ல் பூஞ்சை பிடித்துச் சிகிச்சைக்காகப் பாரிஸுக்கு விமானத்தில் போனது நிஜம். அங்கே இறங்கியபோது ராணுவ மரியாதை கொடுத்ததும் நிஜம்.

மம்மியை மருந்தாகச் சாப்பிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஐரோப்பாவில் நானூறு ஐந்நூறு வருடம் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். மம்மி கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை) இதுதான், ஏனென்றால் எல்லாம் ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பத்தில் ஆரம்பித்தது.

பாரசீகத்தில் மலைப்பாறையில் தார் மாதிரி கசியும் கறுப்புக் கீலுக்கு 'மூமியா' என்று பெயர். எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் அதைக் கொடுத்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் கன்மதம் என்பார்களே, ஏறக்குறைய அந்த ரகம். அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனவர்களுக்கு இந்தக் கீல் பிடிபடவில்லை. எகிப்துப் பிணங்களின் மேல் கறுப்பாக, பிசுக்காக ஏதோ ஒட்டியிருக்கிறது, அதுதான் இது போலும் என்று முடிவு செய்தார்கள். கொஞ்ச நாளில் பிணத்தின் மேல் இருக்கும் பிசினே மருந்தாயிற்று, அப்புறம் பிணமே மருந்தாயிற்று. 'மம்மி' என்ற சொல் அந்தக் கீலின் பெயரிலிருந்து வந்ததுதான்.

பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா, கீழே விழுந்து அடிபட்டால் உதவும் என்று மம்மித் தூளை ஒரு மூலிகை வேரோடு கலந்து பையில் போட்டுக்கொண்டே திரிவாராம். கிராக்கி ஏறியதும் கலப்படமும் வந்தது. 1564ல் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு வியாபாரியைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர், அங்கே அடுக்கியிருந்த 'பழங்கால' மம்மிகள் எல்லாம் சில வருடங்களுக்குள் செத்த அடிமைகளும் நோயாளிகளும் என்று தெரிந்துகொண்டார். வியாபாரி அதை மறைக்கவும் இல்லை. சாப்பாட்டில் அவ்வளவு நறுவிசு பார்க்கும் கிறிஸ்தவர்கள் பிணத்தைத் தின்கிறார்களே என்று அவருக்குத்தான் ஆச்சரியம்.

அறுவை மருத்துவர் ஆம்புரோசு பாரே 1582ல் இதைக் கண்டித்து எழுதினார். ஒரு பலனும் கிடையாது, வாந்தியும் வாய் நாற்றமும்தான் மிச்சம் என்றார். யார் கேட்டார்கள்? ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்து விலைப்பட்டியலில் 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அசல் எகிப்து மம்மிக்குக் கிலோ விலை போட்டிருந்தது.

ஓவிய வண்ணமாகவும் அரைத்தார்களாமே?

'மம்மி பிரவுன்' என்று டியூப்பிலேயே விற்றார்கள். நிழல் தீட்டவும் தோல் நிறத்துக்கும் நல்ல பழுப்பு. பெயர்தான் அப்படி, சரக்கு வேறு என்று நினைத்தே பல ஓவியர்கள் வாங்கினார்கள். எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் என்ற ஆங்கில ஓவியருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு விஷயம் தெரிந்தது. உடனே எழுந்து போய் டியூப்பைக் கொண்டுவந்து, தோட்டத்தில் குழி தோண்டி, குடும்பத்தாரைச் சுற்றி நிற்கவைத்து முறையாக அடக்கம் செய்தார். அன்று அங்கே நின்ற சின்னப் பையன்களில் ஒருவன் அவருடைய மனைவியின் அக்காள் மகன், பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங்.

லண்டன் வண்ணக் கடை ஒன்று 1964ல்தான் சரக்கு தீர்ந்துவிட்டது என்றது. இரண்டொரு கை கால் எங்காவது கிடக்கும், ஆனால் வண்ணம் அரைக்கப் போதாது என்று கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்.

ரயில் என்ஜினுக்கு விறகாக மம்மியைப் போட்டார்களா?

இல்லை. மார்க் ட்வெயின் 1869ல் தன் பயணக் கதையில் அடித்த ஜோக், 150 வருடமாகச் செய்தி என்று ஓடுகிறது. ஆனால் பூனை மம்மிகள் உரமானது நிஜம். 1890ல் சுமார் 19 டன், கிட்டத்தட்ட 1,80,000 பூனைகள், எகிப்திலிருந்து லிவர்பூலில் வந்து இறங்கி ஏலத்துக்குப் போயின. ஏலக்காரர் ஒரு பூனைத் தலையையே சுத்தியலாகத் தட்டினார் என்று அன்றைய பத்திரிகைகளில் வந்தது.

துட்டன்காமன் சாபம்?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. சின்ன வயதிலேயே இறந்த எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறையைத் திறந்தவர்களை அவர் சாபம் கொன்றது என்பது கதை. அகழாய்வு செய்த ஹோவர்ட் கார்ட்டர் 1922 நவம்பர் 4ல் அந்தக் கல்லறையின் முதல் படியைக் கண்டார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரல் 5ல் கெய்ரோவில் இறந்தார். கன்னத்தில் கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கீறி, அதில் சீழ் வைத்து, ரத்தம் கெட்டு, நிமோனியாவில் போய் முடிந்தது. பெனிசிலின் இல்லாத காலம், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் கல்லறைச் செய்திகளை முந்தித் தரும் உரிமையை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு மட்டும் விற்றிருந்தார்கள். மற்ற பத்திரிகைகளும் வயிற்றைக் கழுவ வேண்டுமே? சாபம் நன்றாக விலை போனது.

சாபம் உண்மையானால் முதலில் விழவேண்டியவர் கார்ட்டர். அவர் 1939ல், 64 வயதில்தான் இறந்தார். பிரபுவோடு உள்ளே போன மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். 2002ல் ஒரு மருத்துவ ஆய்விதழ் அங்கே போய்வந்த 25 பேரைக் கணக்கெடுத்தது. சராசரியாக 70 வயது வரை இருந்திருக்கிறார்கள்.

பயங்கரம் நடந்தது அந்தப் பையன் ராஜாவுக்குத்தான். மேலே ஊற்றியிருந்த பிசின் கல்லாக இறுகி, உடல் பெட்டியோடும் தங்க முகமூடியோடும் ஒட்டிப்போயிருந்தது. 1925ல் அதைப் பிரிக்கத் தலையை வெட்டி, உடலைத் துண்டு துண்டாக்கி, சூடேற்றிய கத்தியால் முகமூடியிலிருந்து தலையைப் பெயர்த்தார்கள். பிறகு ஒரு மணல் தட்டில் துண்டுகளை வரிசையாக அடுக்கி, முழு உடல் போலக் காட்டிவிட்டார்கள்.

சதுப்பில் ஊறிய உடல்கள் எப்படி இருக்கும்?

முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் தூங்கிப்போன மாதிரி. வட ஐரோப்பாவில் ஈர நிலத்தில் பாசி அடுக்கடுக்காக மக்கி, கறுத்த மண்ணாகக் கிடக்கும். அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். 1950 மே மாதம் டென்மார்க்கில் சில்கபோர்க் ஊர்ப் பக்கம் அப்படி வெட்டிய குடும்பத்தார் ஒரு முகத்தைக் கண்டு, யாரையோ கொலை செய்து புதைத்திருக்கிறார்கள் என்று போலீசைக் கூப்பிட்டார்கள். கொலைதான், ஆனால் நடந்து 2400 வருடம் ஆகியிருந்தது. டோலண்ட் மனிதன் என்று பெயர் வைத்தார்கள். கழுத்தில் பின்னிய தோல் கயிறு, தலையில் தோல் குல்லாய், தாடையில் ஒன்றிரண்டு நாள் முளைத்த முடி. வயிற்றில் கடைசியாகக் குடித்த வாற்கோதுமைக் கஞ்சி.

அந்தப் பாசி வெளியிடும் அமிலமும் வேதிப்பொருளும் தோலைப் பதனிட்டுவிடும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் முன்பு ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்களே, அதைப் போல. ஆனால் அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். சில உடல்களில் தோல் பை மட்டுமே மிச்சம், முடி செம்பட்டையாகிவிடும்.

இங்கிலாந்தில் லிண்டோ என்ற சதுப்பில் 1983ல் ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. இருபது வருடம் முன்பு அந்தப் பக்கத்தில் மனைவி காணாமல்போன ஒருவர், போலீஸ் விசாரித்ததும், நான்தான் கொன்று அங்கே போட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் மண்டையோட்டைச் சோதித்தால் அது ரோமானியர் காலத்துப் பெண், சுமார் 1700 வருடப் பழசு. வாக்குமூலத்தைத் திரும்பப் பெறப் பார்த்தார், நடக்கவில்லை. தண்டனை கிடைத்தது. அந்த மனைவியின் உடல் அகப்படவே இல்லை.

சூனியக்காரி ராணியின் உடலும் கிடைத்ததாகப் படித்தேனே?

கிடைத்தது சூனியக்காரியும் இல்லை, ராணியும் இல்லை. 1835ல் டென்மார்க்கில் வைலே ஊருக்கருகே ஒரு பெண் உடல் சதுப்பில் அகப்பட்டது. நார்வே ராணி குன்ஹில்ட் சூனியம் கற்றவள் என்றும், டென்மார்க் மன்னன் ஹெரால்ட் புளூடூத் கல்யாண ஆசை காட்டி வரவழைத்துச் சதுப்பில் அமுக்கிக் கொன்றான் என்றும் அந்த நாட்டுப் பழங்கதைகள் சொல்கின்றன. (ஆமாம், நம் போனில் இருக்கும் புளூடூத் அவர் பெயரில்தான்.) இது அவளேதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அன்றைய மன்னர் செதுக்கு வேலை செய்த சவப்பெட்டியே செய்து கொடுத்தார். வோர்சோ என்ற இளைஞர், சான்று எங்கே என்று கேட்டுப் பலரின் கோபத்துக்கு ஆளானார். 1977ல் கரிமக் கணிப்பு என்ற வயது காணும் சோதனை செய்தபோது அந்தப் பெண் கி.மு. 490 வாக்கில் வாழ்ந்தவள் என்று தெரிந்தது. குன்ஹில்டுக்கு ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் மூத்தவள். பெயர் தெரியாத அவள் இன்னும் மன்னர் கொடுத்த மரியாதையோடு வைலே தேவாலயத்தில் படுத்திருக்கிறாள்.

நிஜமாகவே சூனியக்காரி என்று சாகடிக்கப்பட்டவர்களின் உடல் எங்காவது உண்டா?

ஸ்காட்லாந்தில் கழுத்தை நெரித்த பிறகு எரித்துவிடுவார்கள், கல்லறைக்கே வேலை இல்லை. தப்பியது ஒன்று. டோரிபர்ன் என்ற கடலோர ஊரில் லிலியாஸ் ஏடி என்ற வயதான பெண்ணை 1704ல் பிடித்து, தூங்கவிடாமல் விசாரித்து, பிசாசோடு கூட்டு என்று வாயால் சொல்லவைத்தார்கள். தீர்ப்புக்கு முன்பே சிறையில் இறந்துவிட்டாள். கோயில் நிலத்தில் இடமில்லை. நீர் ஏறும் எல்லைக்கும் வற்றும் எல்லைக்கும் நடுவே, சேற்றில் புதைத்து, எழுந்து வந்துவிடக்கூடாது என்று பெரிய பாறைப் பலகையை மேலே வைத்தார்கள். பாவம், எழுந்து வந்து அந்தக் கிழவி என்ன செய்துவிடப் போகிறாள்?

பிசாசுக்குப் பயந்தவர்கள் செய்தது அது. பயமே இல்லாத 19ஆம் நூற்றாண்டுக் கனவான்கள் செய்ததைக் கேளுங்கள். 1852ல் பாறையைப் புரட்டி, எலும்புகளைப் பங்கு போட்டுக்கொண்டு, சவப்பெட்டிப் பலகையில் கைத்தடி செய்துகொண்டார்கள். மண்டையோடு ஒரு பல்கலைக்கழக மியூசியம் வரை போய்த் தொலைந்துபோயிற்று. நல்லவேளை, யாரோ போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். அதை வைத்து 2017ல் டண்டி பல்கலைக்கழகத்தில் முகத்தை மீட்டு உருவாக்கினார்கள். சாதாரணப் பாட்டி முகம்.

சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களாமே?

மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் இருக்கும் சேலம். 1692ல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் 5 பேர் ஆண்கள். பதில் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவர் மேல் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். எரித்தது ஒருவரையும் இல்லை.

கோவாவில் இருக்கும் சவேரியார் உடல் கெடவே இல்லையாமே?

எங்கள் பக்கத்து ஆளிடமா கேட்கிறீர்கள்? 1542ல் கோவாவில் இறங்கிய சில மாதங்களில் அவர் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கால்நடையாகச் சுற்றி, ஜெபங்களைத் தமிழில் எழுதச்சொல்லி மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவர்.

1552 டிசம்பர் 3ல் சீனக் கரையோரம் சாங்சுவான் தீவில் இறந்தார். சீக்கிரம் சதை கரைந்து எலும்பு கிடைத்தால் எடுத்துப் போகலாம் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். இரண்டரை மாதம் கழித்துத் திறந்தால் உடல் அப்படியே இருந்தது. மலாக்காவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்து, மறுபடி தோண்டி, 1554 மார்ச்சில் கோவா கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு உடலைக் கரைத்துவிடும் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. நம் காலத்தில் பன்றி உடல்களை வைத்துச் சோதித்தவர்கள் கண்டது வேறு: சுண்ணாம்பு அழுகலைத் தள்ளித்தான் போடுகிறது. இதைச் சொன்னதற்கு என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை, அதனால் அதற்கு மேல் நான் போவதில்லை.

மனிதர்கள் அந்த உடலைச் சும்மா விடவில்லை என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. முத்தமிட வந்த போர்ச்சுகீசியப் பெண்மணி ஒருத்தி கால்விரலைக் கடித்து எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். 1614ல் ரோமிலிருந்து உத்தரவு வந்து வலது முன்கையை வெட்டி அனுப்பினார்கள். அந்தக் கை 2018ல் கனடா சுற்றப்போனபோது விமானத்தில் அதற்குத் தனி சீட் வாங்கினார்கள்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். 2014 டிசம்பரில் நாங்கள் ஒரு வண்டி ஆட்களாகப் போனோம். பல மணி நேரம் வரிசை, கண்ணாடிப் பேழை முன்னால் நின்றது சில விநாடி. நான் நினைத்ததைவிட மிகச் சிறிய உருவம், நன்றாக வற்றி, கறுத்து இருந்தது. எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி, பாதம் இருந்த பக்கம் கண்ணாடியில் உள்ளங்கையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவரைத் தள்ளிவிடக் காவலுக்கு நின்றவருக்கும் மனசு வரவில்லை. கடைசியாக 2024 நவம்பரில் திறந்து 2025 ஜனவரி வரை வைத்தார்கள்.

மிக நன்றாகப் பதப்பட்ட உடல் எது?

என்னைக் கேட்டால் சீனாவின் சின் ஜுய் சீமாட்டி. 2100 வருடத்துக்கும் முன்பு இறந்த பிரபு மனைவி. 1972ல் சாங்ஷா நகரில் மாவாங்டுய் மேட்டைத் தோண்டியபோது கிடைத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பெட்டி, சுற்றிலும் டன் கணக்கில் கரி, அதற்கும் வெளியே கெட்டியான வெள்ளைக் களிமண், உள்ளே பட்டுத்துணி இருபது சுற்று. காற்று புக வழியே இல்லை. தோலை அழுத்தினால் அமுங்கியது, முழங்கை மடங்கியது. மருத்துவர்கள் நேற்று இறந்தவருக்குச் செய்வதுபோலவே பிரேதப் பரிசோதனை செய்து, மாரடைப்பு என்று காரணமும் எழுதினார்கள். பித்தப்பையில் கல் வேறு. வயிற்றிலும் உணவுக்குழாயிலும் 138 முலாம்பழ விதைகள். விதையைத் துப்பக்கூடப் பொறுமையில்லாமல் அள்ளிச் சாப்பிட்டிருக்கிறார். அது முலாம்பழக் காலம், சாப்பிட்ட சில மணி நேரத்தில் சாவு என்று அந்த விதைகளை வைத்தே சொன்னார்கள்.

லெனின் உடல் நிஜமா, மெழுகா?

நிஜம். 1924 ஜனவரியில் இறந்தார். முதலில் மாஸ்கோ குளிரே காப்பாற்றியது. வெயில் வந்ததும் வோரோபியோவ், ஸ்பார்ஸ்கி என்ற இருவர் பொறுப்பெடுத்தார்கள். இன்றும் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிளிசரின் கலந்த கரைசலில் உடலை ஊறவைத்து எடுக்கிறார்கள். மூளை உள்ளே இல்லை. அதைச் சுமார் 30,000 மெல்லிய சீவல்களாக்கி, மேதைமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார்கள். தன்னை எரித்துவிடச் சொன்ன வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னையும் அதே முறையில்தான் வைத்திருக்கிறார்கள். எழுந்து மறுக்க அவரால் முடியாதே.

உயிரோடு இருக்கும்போதே தன்னை மம்மியாக்கிக்கொண்டவர்கள் உண்டா?

ஜப்பானின் யமகதா பகுதியில் சில புத்தத் துறவிகள். வருடக்கணக்கில் தானியத்தை விட்டு, கொட்டையும் மரப்பட்டையும் பைன் ஊசியிலையும் தின்று, கொழுப்பை எல்லாம் வற்றவைத்துவிட்டு அமர்ந்தபடியே உயிரை விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்த மெய்ஜி அரசு பிறகு இதைத் தடை செய்தது. நம் நாட்டில் இமாச்சலத்தின் ஸ்பிட்டிப் பகுதியில் கியூ கிராமத்தில் உட்கார்ந்த நிலையில் ஒரு லாமாவின் உடல் இருக்கிறது, சுமார் 500 வருடப் பழசு. 1975 நிலநடுக்கத்தில் வெளியே வந்தது.

இதைச் சொன்னதும் ஸ்ரீரங்கத்து ராமானுஜர் பற்றிக் கேட்பார்கள். அங்கே இருப்பது 'தானான திருமேனி', அவருடைய உடலேதான் என்பது கோயில் மரபு. வருடத்துக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள். வழிபாட்டில் இருப்பதை மியூசியப் பொருளோடு வைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

எகிப்து மம்மியை இந்தியாவில் எங்கே பார்க்கலாம்?

கொல்கத்தா இந்தியன் மியூசியம், ஹைதராபாத், வதோதரா, ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால். ஜெய்ப்பூர் மம்மிக்கு 2020 ஆகஸ்டில் ஒரு கண்டம். மழைவெள்ளம் அடித்தளத்தில் புகுந்ததும் ஊழியர்கள் கண்ணாடியை உடைத்துத் தூக்கி மேலே கொண்டுபோனார்கள்.

தமிழ்நாட்டில் ஏன் மம்மி இல்லை?

வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் பொரித்த மீனே மறுநாள் தாங்காது. போதாததற்குப் பாதிப் பேரை எரித்துவிடுகிறோம். நம்மிடம் இருப்பது தாழி.

முதுமக்கள் தாழி என்றதும் கூடவே ஒரு கதை வரும். அந்தக் காலத்தில் சாவே வராமல் கிழடுகள் சுருங்கிச் சுருங்கிப் பூனை அளவுக்கு ஆகி, விளக்கு மாடத்தில் உட்கார்ந்திருக்குமாம். பார்த்துக்கொள்ள முடியாதபோது சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் உயிரோடு இறக்கிவிடுவார்களாம். எனக்கும் பாட்டி சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் சந்தேகமாக எங்களைப் பார்த்துக்கொண்டே. உண்மையில் தாழிகளில் எல்லா வயதுக்காரர்களின் எலும்பும் கிடைத்திருக்கிறது. பல தாழிகளில் சதை போன பிறகு பொறுக்கிவைத்த எலும்புகள்தான்.

எங்கள் மாவட்டத்திலேயே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. தோண்டிய குழிக்கு மேலே கண்ணாடித் தரை போட்டு 2023ல் மியூசியமாகத் திறந்தார்கள், காலுக்குக் கீழே தாழிகள் தெரியும். போன வருடம் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தேன். புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லி மாதிரி அவனோடு ஒட்டி இத்தனை தூரம் வந்தவள், தாழி வனையும் குயவனிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். அந்த இடத்தில் வைத்தே அதைச் சொன்னேன். ஒரு பையன் உடனே குப்புறப் படுத்து, கண்ணாடியில் மூக்கு அழுந்த உள்ளே பார்த்து, கையால் சாண் போட்டுக் கணக்குப் பண்ணினான்.

"சார், குத்தவைச்சு உக்காந்தா ரெண்டு பேரு பத்தும்" என்றான்.